பச்சையில் போட்ட சொல்

மௌலிகா செய்த பெரிய தப்பின் நீளம் ஒரே ஒரு சொல். அதைச் செய்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. தப்பு என்று அப்போது தெரியவில்லை. சொல்லப்போனால், வேலை சுத்தமாக இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, தம்பி தருணின் நுரையீரல் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்த டாக்டர், "இவர் எங்க வேலை பார்க்கறாரு?" என்று கேட்டபோதுதான் அந்தத் தப்பு மெதுவாக எழுந்து அவள் முன்னால் வந்து நின்றது.

"மேகலா குழுமத்துலங்க. நாலாவது யூனிட், சாயப்பட்டறை," என்றாள் மௌலிகா. தானும் அதே மேகலாவில் தலைமை அலுவலகத்தில் இருப்பதை ஏனோ சொல்லத் தோன்றவில்லை.

"அங்க காத்து எப்படி?"

"நல்லா இருக்குதுங்க டாக்டர். நலச்சுட்டி தொண்ணூத்தாறு."

"சுட்டியை யாரும்மா கேட்டா? நான் காத்தைக் கேட்டேன்," என்றார் டாக்டர். சாயத்தில் கலக்கும் ஹைட்ரோஸ் மருந்தின் ஆவியும் சாயப்பொடியும் மூச்சுக்குழாய்களை உள்ளுக்குள் தழும்பாக்கிவிட்டன, போனது போனதுதான் என்றார். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் அந்தக் காற்று மாற வேண்டும். அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "அங்க இவர் ஒருத்தர் மட்டுமா நின்னு வேலை பார்க்கறாரு?"

இருநூற்று எட்டுப் பேர். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் தருண் அதைத்தான் சொன்னான். "நான் வேலையை விட்டுட்டு வந்துட்டா மிச்சம் இருநூத்தியேழு பேரு என்ன பண்ணுவாங்க அக்கா? அதுவும் போக, இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டுப் போனா வேற எவன் என்னைச் சேர்த்துக்குவான்? உன்ற ஆபீஸ்ல சொல்லி அந்த எக்ஸாஸ்ட்டைக் கூட்டச் சொல்லு. முன்ன ஓடுன மாதிரி ஓடுனாப் போதும்."

சின்ன விஷயம்தான். ஒரு கூரை, அதில் பதினாறு காற்றாடி, அவை உள்ளே இருக்கும் ஆவியை இழுத்து வெளியே தள்ள வேண்டும். ஆனால் மேகலாவில் ஒரு காற்றாடியைக் கூட்டுவது மனிதர்கள் கையில் இல்லை. அதற்குச் சுக்கான் என்று ஒன்று இருக்கிறது.

சுக்கான் என்பது ஒரு நிரல். பதினோரு யூனிட்டுக்கும் தலைக்கு ஐந்து சுட்டி: லாபம், கரி என்கிற கார்பன் கணக்கு, தண்ணீர், கழிவு, நலம். சுட்டி என்றதும் குறும்புக்காரப் பிள்ளை நினைவுக்கு வந்தால் அதுவும் தப்பில்லை. கண்ணை எடுத்தால் ஏதாவது ஒன்று சிவப்புக்கு ஓடிவிடும். ஐந்தும் பச்சைக்குள் நிற்க வேண்டும், இதுதான் சுக்கானுக்குத் தெரிந்த ஒரே தர்மம். அதற்காக எந்த இயந்திரம் எப்போது ஓடுவது, எவ்வளவு நூல் வாங்குவது, யார் எந்த ஷிப்ட், விளக்கு எத்தனை, விசிறி எத்தனை என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அதுவே முடிவு செய்யும். யாரையும் திட்டாது. அதன்மேல் யாருக்கும் கோபம்கூட வராது, அதுதான் அதில் பெரிய அநியாயம்.

லாபமும் கரியும் மீட்டரில் தெரிந்துவிடும். நலத்தை எப்படி அளப்பது? ஒரு காலத்தில் பட்டறைக்குள் காற்றுமானி வைத்திருந்தார்கள். முதலாளிமார் அதை ஜன்னலோரமாய்ப் பார்த்து மாட்டினார்கள். அதனால் நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: கருவியை ஏமாற்றலாம், மனிதரை ஏமாற்ற முடியாது; ஆகவே தொழிலாளியையே கேளுங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு யூனிட் வாசலிலும் ஒரு கம்பம் நிற்கிறது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பேரைச் சொல்லி, அந்த வட்டாரப் பேச்சிலேயே, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும். சொன்ன பதில் சுட்டியாகிவிடும். பட்டறை ஜனம் அதற்கு நலமக்கா என்று பேர் வைத்திருந்தது.

மறுநாள் மௌலிகா தலைமை அலுவலகத்துச் சுட்டி அறையில் தன் இடத்தில் உட்கார்ந்து நாலாவது யூனிட்டைத் திறந்தாள். கரண்டு குறைந்தால் கரியும் குறையும் என்று எக்ஸாஸ்ட் ரெண்டு வருஷமாக அறுபது சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரி பச்சை. நலம் தொண்ணூற்றாறு. இத்தனை புகைக்கு நடுவில் தொண்ணூற்றாறா என்று பதில்களை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"பரவால்லீங்."

"பரவாயில்லீங் நலமக்கா."

"இருக்கறனுங். பரவால்லை."

இருநூறு குரல், ஒரே சொல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சைப் பொட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொட்டை வைத்தது மௌலிகா.

அப்போது இன்னும் கம்பங்கள் வரவில்லை. கம்பத்துக்குக் காது பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் நாலாயிரம் குரல் பதிவுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் கேட்டு மூன்று பொத்தானில் ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு, சொல்லத் தெரியவில்லை என்றால் சாம்பல். ஆனால் சாம்பல் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. கொங்கு நாட்டுப் பதிவுகளில் பாதிக்குப் பாதி பரவாயில்லைதான். முதல் நாள் மௌலிகா எல்லாவற்றையும் சாம்பலில் போட்டாள். சாயங்காலமே வேலை திரும்பி வந்தது: "சாம்பல் அதிகம். முடிவெடுக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்."

அந்தச் சொல்லோடு அவள் அன்றைக்கு மல்லுக்கு நின்றாள். பரீட்சையில் பிள்ளை நிறைய மார்க் வாங்கினால் பரவாயில்லையே என்கிறோம், அது பாராட்டு. பஸ்ஸில் காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லைதான், அப்போது கால் வலிக்கிறது. புருஷன் போன மூன்றாம் நாள் விசாரிக்க வந்தவர்களிடம் அத்தையும் அதைத்தான் சொன்னாள். நல்லதா, கெட்டதா? கேட்டவர் மனசு நோகாமல் கதவைச் சாத்துகிற சொல் அது. அதற்கு ஒரு பொத்தான் இருந்தால் அழுத்தியிருப்பாள். இல்லாததால் பச்சையை அழுத்தினாள். அதற்கப்புறம் வேலை ஒருநாளும் திரும்பி வரவில்லை.

சுட்டி அறையின் தலைவர் ஹேமந்த் நல்ல மனிதர். முகத்தைப் பார்த்தாலே தூங்கி நாளாகிவிட்டது தெரியும். மௌலிகா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்ப என்ன பண்ணலாங்கறீங்க?"

"அந்தச் சொல்லைச் சாம்பலுக்கு மாத்தணும் சார். நானே எழுதித் தர்றேன், தப்பு என்மேலதான்னு."

"மாத்தினா பதினோரு யூனிட்டும் ஒரே காலைல சிவப்பாயிடும். அதோட விட்டாப் பரவாயில்லை..." அந்தச் சொல் வாயில் வந்துவிட்டதை உணர்ந்து ஹேமந்த் ஒரு நொடி நிறுத்தினார். "பதினோரு வருஷ அறிக்கையும் பொய்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நமக்குக் கடன் கொடுத்தவங்க வட்டியை நலச்சுட்டியோட முடிச்சுப் போட்டு வெச்சிருக்காங்க. போர்டுல இதை வாயைத் திறந்து சொல்ல முடியும்னு நினைக்கறீங்களா?"

"அப்ப எக்ஸாஸ்ட்டையாவது கையால கூட்டுங்க சார். ஒரு சுவிட்ச்தானே?"

"போன வருஷம் ஆறாவது யூனிட்ல கூட்டிப் பார்த்தேன் மௌலிகா. நாப்பது நிமிஷத்துல சுக்கான் திரும்பக் குறைச்சிடுச்சு. எனக்கு ஒரு கடிதமும் வந்துது, ரொம்ப மரியாதையா. நலம் பச்சைல இருக்கறப்ப கரியைக் கூட்டினதுக்குக் காரணம் கூறவும்னு. என்ன எழுதறது? எனக்கே மூச்சு முட்டுச்சுன்னா எழுத முடியும்?"

மௌலிகா அழக்கூடாது என்று மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஹேமந்த் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லுக்கு அர்த்தத்தை நாம மாத்த முடியாது. அவங்க வேற சொல்லைச் சொன்னா அதை யாரும் தடுக்க முடியாது. முடியலைன்னு பத்துப் பேர் சொல்லட்டும். சிவப்புக்குக் கனம் ஜாஸ்தி, நலம் எண்பதுக்குக் கீழ இறங்கும். எக்ஸாஸ்ட் தானா ஏறும்."

இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. அன்றைக்கு மத்தியானமே நாலாவது யூனிட்டுக்குப் போனாள்.

சாப்பாட்டுக் கொட்டகையில் டிபன் பாக்ஸ்கள் திறந்திருந்தன. தருண்தான் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தான். மௌலிகா விஷயத்தைச் சொன்னாள், சொல்லின் கதையையும் சொன்னாள், தான் செய்ததையும் மறைக்கவில்லை. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அட, அன்னைக்கு உனக்கு என்ன தெரியும் அம்மிணி," என்றாள் சுகன்யாக்கா. ஐம்பத்தெட்டு வயது, துணியை அலசி எடுக்கும் தொட்டியில் பதினோரு வருஷம். அவள் சொன்னால் பட்டறையில் பாதிப் பேர் கேட்பார்கள். "விடு. இப்ப நாங்க என்ன சொல்லோணும், அதைச் சொல்லு."

"நலமக்கா கேட்டா, முடியலைன்னு சொல்லுங்க. இருமல் இருந்தா இருமல்னு சொல்லுங்க. உள்ளதைச் சொன்னாப் போதும்."

ஒத்திகை பார்த்தார்கள். தருண் கம்பம் மாதிரி விறைப்பாக நின்று, குரலை இனிப்பாக்கி, "வாங்க சுகன்யாக்கா, எப்படி இருக்கறீங்?" என்றான்.

"எனக்கு... முடியலீங்," என்று இழுத்தாள் சுகன்யாக்கா. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு போய் இருமலாகி, இருமல் ஓய ரொம்ப நேரமானது. இன்னொருத்தர் சொன்னார், கல்யாண வீட்டுக்குப் போய் இலையைத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கிறது என்று. ஆனாலும் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். முடியலீங். மூச்சு முட்டுதுங். நெஞ்சு எரியுதுங். மணி அடிப்பதற்குள் முப்பது பேருக்குமேல் தேறிவிட்டார்கள். மௌலிகா வீடு திரும்பியபோது நிஜமாகவே நம்பினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வாசல் ஓரமாக நின்றாள். வரிசை நகர்ந்தது. கம்பத்தை நெருங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வதை அப்போதுதான் கவனித்தாள். ரெண்டடி முன்னாலேயே தொண்டையைச் செருமி, சளியை விழுங்கி, குரலைச் சரிபண்ணிக்கொண்டார்கள். பெரியவர் முன்னால் போய் நிற்கும்போது செய்வது போல.

"வாங்க சுகன்யாக்கா. எப்படி இருக்கறீங்?" என்றது நலமக்கா.

சுகன்யாக்கா வாயைத் திறந்தாள். மௌலிகாவைத் திரும்பிப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள். "பரவால்லீங்," என்றாள். அத்தோடு விட்டாளா? "நீங்க எப்படி இருக்கறீங்?" என்றும் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அடுத்தவர் பரவால்லீங். அதற்கடுத்தவர் பரவால்லீங். நெஞ்சு எரியுதுங் என்று நேற்று அருமையாகச் சொன்னவர் இன்றைக்கு, "உங்க புண்ணியத்துலங்," என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாங்க என்று சொல்லி, முகம் கோணாமல் விசாரிக்கிற ஒரு குரலிடம் எடுத்தவுடன் தன் கஷ்டத்தைக் கொட்டுவதற்கு அந்த மண்ணில் யாருக்கும் வாய் வராது. இயந்திரம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? மௌலிகாவுக்கு அவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது, அந்த ஆத்திரத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாக தருண் வந்தான். செருமவில்லை.

"வாங்க தருணு. எப்படி இருக்கறீங்?"

"முடியலை. ரெண்டு வருஷமா முடியலை. உள்ள மூச்சு விட முடியலை. எக்ஸாஸ்ட்டைக் கூட்டுங்க," என்றான், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இழுப்போடு.

"சொன்னதுக்கு ரொம்ப நன்றிங் தருணு. இனி உங்களை நாங்க பாத்துக்கறோம்," என்றது நலமக்கா. வாசல் திறக்கவில்லை.

மௌலிகா சுட்டி அறைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஹேமந்த் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை.

"தருணைத் தனிநபர் கவனிப்புக்கு மாத்திடுச்சு. வீட்டுல ஓய்வு, முழுச் சம்பளம், மாசம் ஒருதரம் டாக்டர். முழுசாக் குணமாச்சுன்னு சீட்டு வந்தாத்தான் திரும்ப உள்ள விடும்."

"அவனுக்குக் குணமாகவே ஆகாது சார்."

"தெரியும்." ஹேமந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது போகட்டும் மௌலிகா. இதைப் பாருங்க. நமக்கு இது தெரியாமப் போச்சு. ரெண்டு வருஷமா தருணோட குரல்ல இழுப்பு இருந்திருக்கு. அவர் பரவாயில்லைன்னு சொன்னாலும் பக்கத்துல சுக்கான் ஒரு சந்தேகக்குறி போட்டுக்கிட்டே வந்திருக்கு. மத்தவங்க எல்லாம் செருமிட்டுப் பேசினாங்க, அவருக்குச் செருமக்கூட மூச்சில்லை. எக்ஸாஸ்ட்டை அறுபதுக்குக் கீழ விடாமப் பிடிச்சு வெச்சிருந்தது அந்த ஒரு குறிதான்."

மௌலிகா திரையைப் பார்த்தாள். நாலாவது யூனிட். ஆட்கள் இருநூற்று ஏழு. சந்தேகம் எதுவுமில்லை. நலம் தொண்ணூற்றொன்பது. எக்ஸாஸ்ட் நாற்பது. கரிச்சுட்டிக்குப் பக்கத்தில், முன்னேற்றத்தைக் குறிக்க, ஒரு சின்ன இலை துளிர்த்திருந்தது.

தருணைத் திரும்ப உள்ளே எடுக்கச் சொல்லி அவள் எழுதிய மனுக்கள் மூன்றும் பணிவான பதில்களோடு திரும்பி வந்தன. மேலிடத்தில் நேரில் போய்ப் பார்த்தாள். நோயாளியைப் புகைக்குள் தள்ளச் சொல்கிறீர்களே, உங்கள் சொந்தத் தம்பியாயிற்றே என்று அங்கே ஒரு அம்மாள் நிஜமாகவே அதிர்ச்சியோடு கேட்டார். புகை இருப்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்று மௌலிகா சொன்னாள். அது குறிப்பில் ஏறவில்லை.

தருண் வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். முதல் வாரம் அவளோடு பேசினான். ரெண்டாம் வாரம் பேச்சைக் குறைத்தான். ஒருநாள் அவள் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தபோது தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "என்னை வெளிய எடுத்துட்டு அவங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டியே அக்கா." சாப்பிடு என்றாள்.

மூன்றாம் வாரம் ஒருநாள் பிற்பகலில் மறுபடி நாலாவது யூனிட்டுக்குப் போனாள். எக்ஸாஸ்ட் இருபத்தைந்துக்கு வந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் கண் கரித்தது. தொட்டிகளின்மேல் ஆவி ஆள் உயரத்துக்கு அசையாமல் தொங்கியது. அந்த நிலையிலும் கூரைக் காற்றாடிகளின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சுகன்யாக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரே ஒருதரம்! பத்துப் பேரு சேந்தாப்பல சொல்லுங்க!"

"தருணு சொன்னான் அம்மிணி! ஊட்டுக்குப் போய்ட்டான்!" சுகன்யாக்கா அவள் காதுப்பக்கம் குனிந்து கத்தினாள். "அவனுக்கு நீ இருக்கற, சோறு போடற! எனக்கு ஊட்டுல யாரு இருக்கா? நாள் பூரா அந்தச் செவுத்தைப் பாத்துட்டு உக்காரவா? இங்கன்னா நாலு சனத்து முகத்தைப் பாத்தமுன்னு இருக்குது! இப்பல்லாம் பரவால்லைன்னுகூட எவளும் சொல்றதில்லை, தெரியுமா? நல்லா இருக்கறமுங்னு சத்தமாச் சொல்லச் சொல்லியிருக்கறேன்! எவளையும் அனுப்பிரக் கூடாதில்ல?"

மௌலிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது தலைக்கு மேலே முதல் காற்றாடி நின்றது. பிறகு அடுத்தது. கடைசிக் காற்றாடி நாலைந்து சுற்று சோம்பேறித்தனமாகச் சுற்றிவிட்டு நின்றது. நலம் நூறைத் தொட்டிருக்க வேண்டும்.

பட்டறையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அந்தக் கோடியில் யாரோ முனகிக்கொண்டிருந்த பாட்டு, இரைச்சல் இல்லாமல் போனதும் தனியாகக் கேட்க, பாடியவள் வெட்கப்பட்டு நிறுத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, நின்னுடுச்சு," என்றாள் மௌலிகா. "மொத்தமா நின்னுடுச்சு. வெளிய வாங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க."

"ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்குது அம்மிணி. பாதியில எப்படி வர்றது?"

அவள் ஒவ்வொரு தொட்டியாகப் போய்க் கெஞ்சினாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், உட்காரச் சொன்னார்கள், டீ வேண்டுமா என்றார்கள். ஹேமந்துக்குப் போன் போட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். இருமல் வந்து தொண்டையை அடைக்க, கடைசியில் அவளே வெளியே ஓடிவந்து வாசல் திண்டில் சாய்ந்தாள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. சனம் வெளியே வந்தது. கண்கள் சிவந்திருந்தன, சிலருக்கு உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. சுகன்யாக்கா முதலில் வந்தாள்.

"போயிட்டு வாங்க சுகன்யாக்கா. இன்னைக்கு எப்படி இருந்துதுங்?" என்றது நலமக்கா.

மௌலிகா எழுந்தாள். சுகன்யாக்கா அவளைப் பார்க்கவில்லை. செருமவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. அந்த முகத்தில் மௌலிகா இதுவரை கண்டிராத ஒரு நிம்மதி இருந்தது.

"அருமையா இருந்துதுங். அந்தப் பாழாப்போன சத்தமே இல்லீங். நாளைக்கும் இப்படியே இருக்கட்டுமுங்."

பதினோரு வருஷத்தில் சுகன்யாக்கா அந்தக் கம்பத்திடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.